மாஸ்டரம்மாவின் கம்ப்யூட்டருக்கு மூளை மாற்றிய கதை

மாஸ்டரம்மா ஒரு பட்டனைத் தட்டிவிட்டு எழுந்துபோய், கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து, உதறி, மடித்து, அலமாரியில் அடுக்கிவிட்டு வந்து பார்ப்பார். திரையில் அந்த மணல் கடிகாரம் அப்போதும் அப்படியேதான் நிற்கும். "இன்னுமா ஆகல?" என்று கேட்பார். கம்ப்யூட்டரிடம்தான். வீட்டில் இருக்கிற இன்னொரு பழைய ஜீவனிடம் கேட்டாலாவது ஒரு சாக்குபோக்கு கிடைக்கும். இது உர்ரென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மறுபடி மௌனவிரதத்துக்குப் போய்விடும்.

மாஸ்டரம்மா பள்ளிக்கூட மாஸ்டர் இல்லை, பேட்டர்ன் மாஸ்டர். ஒரு கோட்டைத் தைப்பதற்கு முன்னால் கை எப்படி, கழுத்து எப்படி, பை எங்கே என்று ஒவ்வொரு துண்டையும் முழு அளவில் காகிதத்தில் வரைந்து கொடுக்கிறவர். ஒரு சைஸுக்கு வரைந்தால் போதாது. ஒல்லிக்குச்சியிலிருந்து பீமசேனன்வரை எல்லா உடம்புக்கும் அதைக் கூட்டிக் குறைத்து வரைய வேண்டும். அதைத்தான் கிரேடிங் என்பார்கள். கம்ப்யூட்டரின் உயிர் போவதும் அந்த இடத்தில்தான்.

அவர் கார்மெண்ட் ஃபேக்டரியில் நூல் பிசிறு வெட்டுகிற வேலைக்குச் சேர்ந்தவர். ஒருநாள், தைத்து வந்த சட்டையைக் கையில் பிடித்தபடி, "இந்தக் காலர் கழுத்துல உக்காராது" என்றார். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. அனுப்பின சரக்கு மொத்தமும் திரும்பி வந்தபிறகு, "அந்த நூல் வெட்டுற பொண்ணு எங்கே?" என்று தேடினார்கள். அன்றைக்குப் பிடித்த நாற்காலி. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மைக்செட் வந்து சேரும்வரை.

மைக்செட் என்பது சூபர்வைசருக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர். யார் எழுந்து நடந்தாலும் ஒலிபெருக்கியில் பெயரைக் கூப்பிட்டு, எங்கே போகிறாய் என்று கேட்பார். ஒருநாள் மாஸ்டரம்மா கழிப்பறைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, "மாஸ்டரம்மா எங்கே? இன்னுமா ஆகல?" என்று ஃபேக்டரி முழுக்கக் கேட்கிற மாதிரி முழங்கிவிட்டார். ஆண்களும் பெண்களுமாக அத்தனை மெஷின்களும் நின்றன. சிரிப்புச் சத்தம் கழிப்பறைக் கதவுவரை வந்தது. மாஸ்டரம்மா வெளியே வந்தார். கைகழுவினார். நேராக மைக்செட்டிடம் போய், தன் அளவு டேப்பைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். "இனிமே நீங்களே அளந்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். இனி செத்தாலும் அந்த வாசலை மிதிப்பதில்லை என்று முடிவு.

அப்புறம் ஃபேக்டரியில் காலர் மறுபடி நட்டுக்கொண்டு நின்றது. வேலை தானாக மாஸ்டரம்மாவின் வீடு தேடி வந்தது. ஃபேக்டரி கழித்துப்போட்ட கம்ப்யூட்டரும், ஆள் உயரத்துக்குக் காகிதத்தில் வரைகிற ப்ளாட்டர் மெஷினும் பின்னாலேயே வந்து முன்னறையை அடைத்துக்கொண்டன. ஜன்னல் ஓரம் மேஜை. நினைத்தபோது எழலாம், நினைத்தபோது உட்காரலாம். எங்கே போகிறாய் என்று கேட்க ஒரு பயலுக்கும் உரிமை கிடையாது.

அதற்குத்தான் இப்போது ஃபோனில் வேட்டு வைத்தார் புது மேனேஜர்.

"பேட்டர்ன் ரூம்ல புது கம்ப்யூட்டர் போட்டிருக்கோம்மா. திங்கக்கிழமையிலேருந்து இங்க வந்து உக்காந்துடுங்க. வீட்லேருந்து வர்ற வேலை ரொம்ப லேட் ஆகுது."

"லேட் ஆகறது நானில்ல சார், என் கம்ப்யூட்டர். இப்ப கையில இருக்கிற இந்தக் கோட்டோட எல்லா சைஸையும் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள குடுத்துட்டா?"

"குடுத்துட்டா வீட்லயே இருங்க. குடுக்கலேன்னா இங்க வாங்க. சூபர்வைசரும் உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு."

கேட்பார், கேட்பார், ஏன் கேட்க மாட்டார்! இந்த வயதில் மறுபடி அந்த ஒலிபெருக்கிக்குக் கீழே போய் உட்காருவதா?

புது கம்ப்யூட்டர் வாங்கித் தொலைக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். வெளியூரில் இருக்கும் மகள் ஃபோனில் அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாள். முடியாதே! ப்ளாட்டரின் வயர் பட்டையாக, பழங்காலத்து சொருகியோடு இருக்கிறது. பேட்டர்ன் சாஃப்ட்வேரைத் திறக்கிற சாவி மாதிரி ஒரு சின்ன டப்பாவும் அதே சொருகியில்தான் மாட்டும். புது கம்ப்யூட்டரில் அந்த ஓட்டையே கிடையாது. சாஃப்ட்வேர் செய்த கம்பெனி எப்போதோ கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டது.

கம்ப்யூட்டர் கடைக்காரர் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னார். "அந்தச் சொருகி இருக்கிற போர்டு அப்படியே இருக்கட்டும். ப்ராசஸரை மட்டும் மாத்துங்க. இதே போர்டுல உக்கார்ற மாதிரி வேகமான ப்ராசஸர் ஒண்ணு எங்கிட்ட இருக்கு. மூளையை மாத்தினா போதும், பறக்கும்." மாற்றித் தருவீர்களா என்று கேட்டால், கடையில் ஆள் இல்லை, சனிக்கிழமைதான் முடியும் என்றார். சனிக்கிழமை வந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் லிஃப்ட்காரர்.

லிஃப்ட்காரர் மாஸ்டரம்மாவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். ஆனால் ஒரு பொருளைக்கூட வெளியே போட மாட்டார். எரிந்துபோன இஸ்திரிப் பெட்டி, காற்று வராத ஃபேன், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள், லிஃப்ட்டிலிருந்து கழற்றின பட்டன்கள் எல்லாம் வீட்டில் இருக்கும். கேட்டால், "இருக்கட்டும், ஒருநாள் உதவும்" என்பார். அந்த ஒருநாள் எந்தக் காலண்டரிலும் வந்ததில்லை. உயிர்போன தண்ணீர் மோட்டார்கள் அடுக்கிவைத்த இடத்திலிருந்து சரிந்து, குளியலறைக் கதவை வெளியிலிருந்து அடைத்துக்கொண்டு, மாஸ்டரம்மா ஈரத்தலையோடு உள்ளே கத்திக்கொண்டிருந்த நாளில்தான் வீட்டுக்குச் சட்டம் பிறந்தது. ஒரு பொருள் உள்ளே வந்தால், பொழுது சாய்வதற்குள் அதே மாதிரிப் பழசு ஒன்று வெளியே போக வேண்டும். லிஃப்ட்காரர் அன்றைக்குத் தலையாட்டினார். அதோடு சரி. அந்தச் சட்டத்தை அவர் ஒருநாள், ஒரே ஒருநாள்கூட மதித்ததில்லை.

கடைக்காரர் கொடுத்த ப்ராசஸர், புது ஃபேன், ஒரு பென்டிரைவ் எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பி, வியாழக்கிழமை காலை அறுவை சிகிச்சையைத் தொடங்கினார்கள். பெட்டியைப் படுக்கவைத்து மூடியைக் கழற்றினால், உள்ளே துணிப் பஞ்சு மெத்தை தைக்கிற அளவுக்கு இருந்தது. லிஃப்ட்காரர் ப்ராசஸர் மேல் உட்கார்ந்திருந்த ஃபேனை ஆட்டினார். வரவில்லை. அசைத்தார். வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினார்.

"மெதுவா! மெதுவாங்க! அது ஒண்ணும் லிஃப்ட் கதவு இல்ல!"

"இந்தக் கையாலதான் எட்டு மாடி லிஃப்ட்டையே இறக்கியிருக்கேன், நீ சும்மா இரு மாஸ்டர்."

ஃபேன் பிடுங்கிக்கொண்டு வந்தது. அதன் அடியில் சூடு கடத்துவதற்காகத் தடவி, காய்ந்து இறுகிப்போன பேஸ்டோடு ப்ராசஸரும் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. அதன் ஓரத்தில் ஸ்க்ரூ டிரைவர் பட்டு நீளமாக ஒரு கீறல். மாஸ்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "கீறிட்டீங்களா? ஒரு வேலையை ஒழுங்கா செய்யத் தெரியுதா உங்களுக்கு?" பழசுதானே, அது கிடக்கட்டும் என்று அவர் புது ப்ராசஸரை மூலை பார்த்து வைத்தார், பேஸ்ட் தடவினார், புது ஃபேனை மாட்டினார். அதுவரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் பழைய சாமான் வண்டிக்காரரின் குரல் கேட்டது. லிஃப்ட்காரர் எழுந்து வெளியே போனார். திரும்பி வந்து, கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்:

"குடுத்துட்டேன்."

"எதை?"

"பழைய ஃபேன், அதுல ஒட்டியிருந்த ப்ராசஸர், எல்லாத்தையும். புதுசு வந்துடுச்சுல்ல? உன் சட்டப்படி பழசு போயிடுச்சு."

மாஸ்டரம்மாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. கண்கூடக் கொஞ்சம் கலங்கிவிட்டது. இவ்வளவு வருஷம் தொண்டை வறளக் கத்தியதற்கு இன்றைக்காவது பலன் கிடைத்ததே! "பரவாயில்லையே, திருந்திட்டீங்களே" என்று சொல்லி, கேட்காமலே காப்பி போட்டுக் கொடுத்தார். லிஃப்ட்காரர் வெட்கப்பட்டுக்கொண்டே குடித்தார். பிறகு கம்ப்யூட்டரைப் போட்டார்கள்.

ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை கன்னங்கரேலென்று கிடந்தது.

அணைத்துப் போட்டார்கள். தட்டிப் பார்த்தார்கள். வயரைப் பிடுங்கிச் சொருகினார்கள். ஊஹூம். கடைசியில் கடைக்காரருக்கு ஃபோன் போட்டால், மனிதர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"பயாஸ் மாத்தினீங்களா?"

"எதை மாத்தறது?"

"போர்டுக்குள்ள இருக்கிற சின்ன ப்ரோகிராம்மா. அது பழசு, அதுக்குப் புது ப்ராசஸரை அடையாளம் தெரியாது. முதல்ல பழைய ப்ராசஸரை வச்சே கம்ப்யூட்டரைப் போட்டு, அந்தப் ப்ரோகிராமைப் புதுசா ஏத்தணும். அப்புறம்தான் புதுசைப் போடணும். பென்டிரைவ்ல போட்டுக் குடுத்தேனே, அது எதுக்குன்னு நினைச்சீங்க? சொல்லலையா நான்?"

"நீங்க எங்க சொன்னீங்க!"

"சரி, விடுங்க. ஒண்ணும் ஆகல. பழசைத் திரும்ப மாட்டுங்க."

மாஸ்டரம்மா ஃபோனை வைத்தார். லிஃப்ட்காரரைப் பார்த்தார். லிஃப்ட்காரர் காலி காப்பி டம்ளரைப் பார்த்தார்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் சொன்ன பேச்சை ஒரு தடவை கேட்டிருக்கீங்களா? ஒரு தடவை? வீடு பூரா குப்பையா சேத்து வச்சு என் உயிரை எடுத்தீங்க. ஒரே ஒருநாள் கேட்டீங்க. அது இன்னைக்குத்தானா?"

"கேக்கலேன்னாலும் திட்டற. கேட்டாலும் திட்டற."

"செருப்பை மாட்டுங்க!"

புது ப்ராசஸரைக் கழற்றி, அதன் ப்ளாஸ்டிக் டப்பாவில் வைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார் மாஸ்டரம்மா. வண்டிக்காரர் சாமானைக் கொண்டுபோய்க் கொட்டுகிற பழைய இரும்புக் கடை, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். வெயிலில் முன்னால் மாஸ்டரம்மா, பின்னால் லிஃப்ட்காரர். கேட் போட்டிருந்தார்கள். ரயில் வருகிற வழியாகக் காணோம்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல" என்றார் மாஸ்டரம்மா, திரும்பாமலே. "துருப்பிடிச்ச ஆணியைக்கூட விட மாட்டீங்க. நல்லா ஓடிக்கிட்டிருந்த ப்ராசஸரை எப்படிக் குடுக்க மனசு வந்துச்சு?"

லிஃப்ட்காரர் கேட் கம்பியில் பெயின்ட் உரிந்த இடத்தை நகத்தால் சுரண்டினார்.

"நீ திங்கக்கிழமை ஃபேக்டரிக்குப் போயிடுவியோன்னு பயமா இருந்துச்சு."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"இந்த வீட்ல மூச்சு விட இடமில்ல, இதுக்கு ஃபேக்டரியே தேவலைன்னு போன வாரம் சொன்னே. கோவத்துல சொன்னேன்னு தெரியும். ஆனா சொன்னேல்ல? வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமா காலி பண்ணினா நீ போக மாட்டேன்னு நினைச்சேன். முதல்ல இதுலேருந்து ஆரம்பிக்கலாம்னு…" குரல் இறங்கிவிட்டது. "பகல் பூரா நான் மட்டும் அந்த வீட்ல என்ன பண்றது? திட்டறதுக்குக்கூட ஆள் இருக்காது."

போனால் போகப்போவது தன் மானம், தன் ஜன்னல், தன் மேஜை என்றுதான் இதுவரை மாஸ்டரம்மா நினைத்துக்கொண்டிருந்தார். இந்த மனிதருக்கும் இதில் போவதற்கு ஏதோ இருக்கிறது என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லையே. அது தோன்றாமல் போனதில் அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்தையும் லிஃப்ட்காரர் மேலேயே காட்டினார்.

"இதை வாயைத் தொறந்து முன்னாடியே சொல்றதுக்கென்ன? முத்தா உதிர்ந்துடும்?"

ரயில் தடதடவென்று கடந்தது. கேட் திறந்தது.

இரும்புக் கடையில் ஒரு பெரிய தராசுக்குப் பக்கத்தில் கடைக்காரம்மா உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். "பொண்டாட்டி தூக்கிப் போட்டதைத் தேடிக்கிட்டு வாராவாரம் எவனாவது ஒரு புருஷன் வருவான். புருஷன் போட்டதைத் தேடி பொண்டாட்டி வர்றதை இன்னைக்குத்தான்மா பாக்கறேன்."

"சிரிச்சது போதும்மா. எங்க இருக்குன்னு சொல்லுங்க."

"ஃபேனை அப்பவே பிரிச்சாச்சு. அலுமினியம் தனியா போயிடும். அடியில இருக்கிற சில்லு எல்லாம் அந்த டின்ல."

டின்னை எட்டிப் பார்த்த மாஸ்டரம்மாவுக்குப் பகீரென்றது. ஊரிலுள்ள செத்துப்போன கம்ப்யூட்டர்களின் மூளையெல்லாம் ஒரே டின்னில் கிடந்தது. எல்லாம் ஒரே சதுரம், எல்லாம் ஒரே சாம்பல் நிறம். லிஃப்ட்காரர் ஒன்றை எடுத்து, "இதுதான்" என்றார். அடுத்ததை எடுத்து, அதையும் "இதுதான்" என்றார்.

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மாஸ்டரம்மா ஒரு சாக்கை விரித்துத் தரையில் உட்கார்ந்தார். புது ப்ராசஸரைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டார். சட்டையில் கைத் துண்டையும் உடம்புத் துண்டையும் பொருத்த ஓரத்தில் சின்னதாய் ஒரு வெட்டு வைத்திருப்பார்கள், அந்த வெட்டும் இந்த வெட்டும் சேர்ந்தால்தான் தோள் உட்காரும். காலமெல்லாம் அதைப் பார்த்துப் பார்த்துப் பழகின கண். இதிலும் ஒரு மூலையில் குட்டி முக்கோணம் இருந்தது. அடியில் ஊசி ஊசியாகக் கம்பிகள், சில இடங்களில் வேண்டுமென்றே விட்ட காலி இடங்கள். டின்னிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சேராததை ஒதுக்கினார். சேர்ந்ததைச் சாக்கின் மேல் வரிசையாக வைத்தார். அப்புறம் வரிசையில் இருந்ததை ஒவ்வொன்றாகத் திருப்பி முதுகைப் பார்த்தார்.

ஒன்றின் ஓரத்தில் நீளமாக ஒரு கீறல்.

"இதோ, உங்க கைவண்ணம்" என்றார். லிஃப்ட்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தியா, நான் மட்டும் கீறாம இருந்திருந்தா…" என்று ஆரம்பித்தார். மாஸ்டரம்மா பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார்.

கீறலைக் கண்டுபிடித்தாயிற்று, ஆனால் கம்பிகள் வளைந்திருந்தனவே! வீட்டுக்கு வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, தையல் ஊசியால் வளைந்த கம்பிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார் மாஸ்டரம்மா. ஒன்று உடைந்தாலும் கதை முடிந்தது. லிஃப்ட்காரர் பக்கத்தில் நின்று மூச்சு விட்டதுகூட அவருக்கு எரிச்சலாக இருந்தது. "அந்தப் பக்கம் போய் விடுங்க மூச்சை!"

பழசை மாட்டினார்கள். திரை வெளிச்சமானது. அந்த மந்தமான, உர்ரென்ற சனியன் பிடித்த சத்தம் இவ்வளவு இனிமையாக ஒருநாளும் கேட்டதில்லை. கம்ப்யூட்டர் கடைக்காரர் ஃபோனில் சொல்லச் சொல்ல, மாஸ்டரம்மா பென்டிரைவைச் சொருகி ஒவ்வொன்றாகத் தட்டினார். "இப்ப ஏறும். ஏறி முடியற வரைக்கும் கரண்ட் மட்டும் போகக் கூடாது. போச்சுன்னா போர்டு காலி" என்றார் அவர். இதை முதலிலேயே சொல்லித் தொலைக்க மாட்டாரா மனிதர்? லிஃப்ட்காரர் ஓடிப்போய் மெயின் சுவிட்சுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார், கரண்ட் அந்த வழியாக எழுந்து ஓடிவிடும் என்பதுபோல. காலிங்பெல் அடித்தது. "யாராயிருந்தாலும் அப்புறம் வாங்க!" என்று அங்கிருந்தே அலறினார்.

ஏறி முடிந்தது. அணைத்தார்கள். பழசைக் கழற்றிப் புதுசை வைத்தார்கள். மாஸ்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினார்.

"வந்துடுச்சு மாஸ்டர், கண்ணைத் தொற" என்றார் லிஃப்ட்காரர்.

மேனேஜர் கேட்ட கோட்டை எடுத்துக் கிரேடிங்குக்குத் தட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் மாஸ்டரம்மா துணி எடுக்க எழுந்தார். கொடிவரை போகவில்லை, டிங் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் முதல் சைஸ் முடிந்து நிற்கிறது. "அடப்பாவி! இத்தனை நாள் இதைச் செய்ய உனக்கு என்ன கேடு?" என்று அதையும் திட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் எல்லா சைஸும் முடிந்தன. வெள்ளிக்கிழமை காலை ப்ளாட்டர் சளைக்காமல் வரைந்து தள்ளியது. காகிதச் சுருள்களை ஃபேக்டரி வண்டி வந்து எடுத்துக்கொண்டு போனது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மேனேஜர் கூப்பிட்டார்.

"எல்லாம் சரியா இருக்கும்மா. நீங்க வீட்லயே பாருங்க. சூபர்வைசர்தான் பாவம், உங்களுக்கு நாற்காலி எல்லாம் தொடச்சு வச்சிருந்தாரு."

"அவரையே உக்காந்துக்கச் சொல்லுங்க" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால், லிஃப்ட்காரரைக் காணோம். வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் அந்த எரிந்துபோன இஸ்திரிப் பெட்டி, பச்சைப் பிள்ளையைத் தூக்கிவைத்திருப்பதுபோல.

"என்னங்க இது?"

"பழைய ப்ராசஸர் மறுபடி உள்ள வந்துடுச்சுல்ல? அது இருக்கட்டும், எப்பவாவது உதவும். அதுக்குப் பதிலா இதைப் போட்டுடறேன். சட்டம்னா சட்டம்தான்."

மாஸ்டரம்மா மேஜைமேல் கிடந்த ப்ராசஸரைப் பார்த்தார். கீறலோடு, பேஸ்ட் கறையோடு, ஊசி முனையில் நிமிர்த்தின கம்பிகளோடு கிடந்தது. அதை எடுத்துத் தன் ஊசி டப்பாவில் போட்டு மூடினார்.

"இனிமே நான் சொன்னேன்னு எதையும் தூக்கிப் போடாதீங்க."

லிஃப்ட்காரர் குழம்பிப்போனார். "இப்ப நீ சொல்ற இதைக் கேக்கணுமா, கேக்கக் கூடாதா?"

"ஐயோ! கடவுளே!" மாஸ்டரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். அப்புறம் குரலை இறக்கிச் சொன்னார்: "நான் எங்கயும் போகல. அதை எடுத்துக்கிட்டு உள்ள வாங்க, சாப்பாடு ஆறுது."

லிஃப்ட்காரர் இஸ்திரிப் பெட்டியோடு உள்ளே வந்து, அதை எடுத்த இடத்திலேயே வைத்தார்.